ரன் பண்ணாமல் கிராக்மி: தாளா, கீட்ராவா, இசட்3-ஆ, ஆங்கரா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பாதிப் பேர் கடலூர்ப் பிள்ளைகள், மீதிப் பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். எல்லாருக்கும் ஒரு பைனரி, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றி முடித்த புரோகிராம் ஃபைல், கொடுப்பேன். உள்ளே ஒரு பாஸ்வேர்ட் இருக்கும். இப்படி உடைத்துப் பழகுவதற்கென்றே எழுதும் புரோகிராமைத்தான் கிராக்மி என்பார்கள். விதி ஒன்றுதான்: அதை யாரும் ஓட்டக் கூடாது. படித்தே கண்டுபிடிக்க வேண்டும்.

போன மாதம் இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வரும் மாணவியிடம் இருப்பது 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். "அண்ணா, கீட்ரா இதுல தாங்குமா, இல்ல ஆப்ஜ்டம்ப்பை வச்சே ஓட்டிடலாமா?" காலாப்பட்டிலிருந்து வரும் பையனிடம் 16 ஜிபி இருக்கிறது. "ஆங்கர் கத்துக்கிட்டா எல்லாம் தானா வந்துடும்னு சீனியருங்க சொல்றாங்கண்ணா. நேரா அதுக்கே போயிடட்டுமா?"

ஆப்ஜ்டம்ப் பைனரியை அசெம்பிளியாக, அதாவது பிராசஸரின் கட்டளை வரிகளாக, காட்டும். கீட்ரா அதையே சி மொழி மாதிரி மாற்றிக் காட்டும். இசட்3 சமன்பாடுகளைத் தீர்க்கும். ஆங்கர் புரோகிராமின் பாதைகளைத் தானே நடந்து பார்த்து விடை தேடும். இரண்டு பேருக்கும் அன்றைக்கே வாய்வார்த்தையாகப் பதில் சொன்னேன். ஆனால் இதே கேள்வியோடு இன்னும் நிறையப் பேர் நிற்கிறார்கள் என்று தெரியும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

எந்தக் கருவி பெரியது என்று பார்த்தால் முடிவே வராது. நான் ஐந்து விஷயம் பார்ப்பேன்.

முதலாவது, நாம் தட்டும் உள்ளீட்டுக்கும் புரோகிராம் கடைசியில் செய்யும் ஒப்பீட்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லையா, ஒரு எக்ஸாரா (பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றானால் 0 தரும் கணக்கு), ஒன்றோடொன்று பின்னிய சமன்பாடுகளா, ஹாஷா (திருப்பி அவிழ்க்க முடியாதபடி உள்ளீட்டைக் கலக்கித் தரும் கணக்கு)? என்னைக் கேட்டால் மற்ற நான்கையும் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

இரண்டாவது, உங்கள் மெஷின்: ரேம், டிஸ்க், நெட். மூன்றாவது, விடை வரும்வரை ஆகும் நேரம். கருவியை நிறுவிப் பழகும் நேரமும் இதில் சேரும். நான்காவது, அந்தக் கருவி எந்த இடத்தில் உங்களை ஏமாற்றும்? எல்லாக் கருவியும் எங்கோ ஓரிடத்தில் ஏமாற்றும். அந்த இடம் முன்பே தெரிந்திருந்தால் ஒரு நாள் மிச்சம். ஐந்தாவது, சவால் முடிந்தபிறகு உங்கள் கையில் என்ன தங்குகிறது?

## ஓட்டாமல் என்றால் எதுவரை

ஓட்டாமல் இருப்பதற்கு விதியைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. யாரோ கொடுத்த பைனரிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. எம்1 மேக் வைத்திருப்பவருக்கு இன்டெல் லினக்ஸ் பைனரி நேரடியாக ஓடவே ஓடாது. சில சவால்கள் பி-டிரேஸ் அழைப்பை வைத்து டீபக்கர் (புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் கருவி) பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாதை மாறும். படிக்கிறவருக்கு அது வெறும் நான்கு வரி, தாண்டிப் போய்விடலாம்.

ஆனால் ஓட்டவில்லை என்று நினைத்துக்கொண்டே ஓட்டிவிடும் ஆபத்து உண்டு. எந்த லைப்ரரிகள் தேவை என்று பார்க்கப் பலரும் எல்டிடி கட்டளையைத் தட்டுகிறார்கள். சில சூழ்நிலைகளில் எல்டிடி அந்த பைனரியையே இயக்கிவிடும். நம்பிக்கையில்லாத பைனரிமேல் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதன் கையேட்டுப் பக்கமே சொல்கிறது. ஆப்ஜ்டம்ப்பில் சிறிய பி விருப்பத்தைக் கொடுத்தாலே லைப்ரரிப் பெயர்கள் கிடைத்துவிடும். ஃபைலில் உள்ள எழுத்து வரிகளைக் காட்டும் வெறும் ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில்கூட 2014-இல் ஒரு ஓட்டை கண்டுபிடித்தார்கள். வேண்டுமென்றே கெடுத்து எழுதிய ஃபைலைக் கொடுத்தால் அதன் உள்ளே இருந்த லைப்ரரி தடுமாறியது. பிறகு சரிசெய்துவிட்டார்கள். சந்தேகமான ஃபைல் என்றால் நான் இன்றைக்கும் விர்ச்சுவல் மெஷினுக்குள் (நம் மெஷினுக்குள் தனியாக ஓடும் போலி மெஷின்) வைத்துத்தான் படிக்கிறேன்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம்.

## முதல் வழி: ஆப்ஜ்டம்ப்பும் ஒரு தாளும்

ஃபைல், ஸ்ட்ரிங்ஸ், ரீட்எல்ஃப், ஆப்ஜ்டம்ப். லினக்ஸில் பெரும்பாலும் இவை ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டாலும் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். எந்த ரேமும் தாங்கும்.

மாடியில் முதல் வாரம் கொடுக்கும் பைனரியையே எடுத்துக்கொள்வோம். நான் எழுதியதுதான். ஆறு எழுத்துப் பாஸ்வேர்ட் கேட்கும். ஸ்ட்ரிங்ஸ் போட்டால் "தவறு" என்ற பொருளில் ஒரு வரி, "சரி" என்ற பொருளில் ஒரு வரி, இடையில் அர்த்தமில்லாத ஆறு சிறிய ஆங்கில எழுத்துகள்: எல், கே, ஓ, எம், என், பி. புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இதுதான் பாஸ்வேர்ட் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது இல்லை. எண்ணாகப் பார்த்தால் அந்த எழுத்துகள் 108, 107, 111, 109, 110, 112.

ஆப்ஜ்டம்ப்பில் இன்டெல் வடிவம் கேட்டுப் பார்த்தால் ஒரு சின்ன லூப் தெரியும். உள்ளீட்டிலிருந்து ஒரு பைட்டை எடுத்து ஈஏஎக்ஸில், அதாவது பிராசஸருக்குள் இருக்கும் ஒரு சின்னச் சேமிப்பிடத்தில், போடுகிறது. அதை 90-உடன் எக்ஸார் செய்கிறது. வந்ததோடு சுற்று எண்ணைக் கூட்டுகிறது. அந்த எண் 0-இல் தொடங்கி 5-இல் முடிகிறது. வந்த விடையை அந்த ஆறு எண்களில் அதே இடத்தில் உள்ளதோடு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் தோல்விக்குத் தாவுகிறது. அவ்வளவுதான் லூப். திரையில் 90 என்பது ஹெக்ஸ் எண்ணாகத்தான் வரும். இங்கே எல்லாவற்றையும் பத்தடிமான எண்ணாகவே எழுதியிருக்கிறேன்.

இதைத் தலைகீழாகப் போட வேண்டும். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். முதல் எண் 108, சுற்று எண் 0-ஐக் கழித்தால் 108, 90-உடன் எக்ஸார் செய்தால் 54. அது '6' என்ற எழுத்தின் எண். இரண்டாவது 107, 1-ஐக் கழித்தால் 106, எக்ஸார் செய்தால் 48, அதாவது '0'. மூன்றாவது 111, 2 போனால் 109, எக்ஸார் செய்தால் 55, '7'. இப்படியே போனால் 607001. எங்கள் தபால் குறியீட்டு எண். அதைத் தாளில் எழுதும்போது கடலூர்ப் பிள்ளைகள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். வேறு எந்தக் கருவியும் அந்தக் கணத்தைத் தருவதில்லை.

எக்ஸாரை எக்ஸாரே அவிழ்க்கும், கூட்டலைக் கழித்தல் அவிழ்க்கும், எந்த வரிசையில் செய்தார்களோ அதற்கு எதிர்வரிசையில் வர வேண்டும். இந்த மூன்றும் கையில் ஏறிவிட்டால் தொடக்கநிலைச் சவால்களில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் கண் வலிதான் முதலில் வரும். இருநூறு வரி அசெம்பிளியை ஒருவர் பொறுமையாகப் படிக்கலாம், இரண்டாயிரத்தைப் படிக்க முடியாது. அப்புறம் வழுக்கும் இடங்கள். இன்டெல் எண்களைக் கடைசி பைட் முதலில் என்ற வரிசையில் வைப்பதால், கட்டளைக்குள் எண்ணாகப் பதிந்த எழுத்துகள் திரும்பிக் கிடக்கும். எழுத்தை எடுப்பது மூவ்இசட்எக்ஸா (எதிர்மறை இல்லாத எண்ணாக எடுக்கும்) மூவ்எஸ்எக்ஸா (எதிர்மறையும் வரலாம் என்று எடுக்கும்) என்று கவனிக்காவிட்டால் 127-க்கு மேலான பைட்டுகளில் விடை மாறிப்போகும். கம்பைலர் 10-ஆல் வகுப்பதை வகுத்தலாகவே எழுதாது, ஒரு பெரிய எண்ணால் பெருக்கிப் பிட்டுகளை நகர்த்திவிடும். அந்த விசித்திரமான எண்ணைப் பார்த்து ஏதோ ரகசியச் சாவி என்று நினைத்து ஒரு மணி நேரம் போக்கியவர்களை எனக்குத் தெரியும்.

லைப்ரரிகளை உள்ளேயே சேர்த்துக் கட்டி, ஃபங்ஷன் பெயர்களையும் நீக்கிய பைனரி வந்தால் தாளை மடித்து வைத்துவிடுங்கள். எது ஆசிரியர் எழுதியது, எது பிரின்ட்எஃப்-இன் வயிறு என்று கையால் பிரிப்பது வீண் உழைப்பு. கோ மொழியிலும் ரஸ்ட்டிலும் எழுதியவற்றுக்கும் இதே கதைதான்.

## இரண்டாவது வழி: கீட்ரா

2019 மார்ச்சில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை இதை இலவசமாக வெளியிட்டது. மூல நிரலும் திறந்ததுதான். அதுவரை நல்ல டீகம்பைலர் (பைனரியைத் திரும்ப சி மாதிரி மாற்றும் கருவி) வேண்டுமென்றால் ஐடா-புரோவுக்குப் பெரிய தொகை கட்ட வேண்டியிருந்தது. எங்கள் ஊர் மாணவர்களுக்கு அது எட்டாக்கனி. கீட்ரா வந்தபிறகு அந்தக் கதவு திறந்துகொண்டது. அதற்காகவே இந்தக் கருவிமேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

வேலை செய்யும் முறை எளிது. ஸ்ட்ரிங்ஸ் ஜன்னலில் "தவறு" என்ற வரியைத் தேடுங்கள். அதை யார் கூப்பிடுகிறார்கள் என்று நூல் பிடித்துப் போங்கள். ஒரு ஃபங்ஷனில் போய் நிற்பீர்கள். இடப்பக்கம் அசெம்பிளி, வலப்பக்கம் சி மொழி மாதிரி ஒன்று. மேலே சொன்ன லூப் அங்கே ஒரே ஒரு ஃபார் லூப்பாகத் தெரியும்.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். மாறிகளுக்கு அது தானாக வைக்கும் பெயர்களை மாற்றி, இது நீளம், இது சுற்று எண், இது அட்டவணை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். டைப்பைத் திருத்த வேண்டும். பத்துப் பெயர் மாற்றியதும் புகை விலகின மாதிரி மொத்த ஃபங்ஷனும் புரியும். பெயர் மாற்றாமலேயே "புரியலண்ணா" என்கிறவர்களிடம் நான் வேறு எதுவும் கேட்பதில்லை, எல் விசையைத்தான் காட்டுவேன். கீட்ராவில் பெயர் மாற்ற அதைத்தான் தட்ட வேண்டும்.

இன்டெல்லா, ஆர்மா, மிப்ஸா என்ற கவலையும் குறையும். எது வந்தாலும் வலப்பக்கத்தில் அதே சி மாதிரி வடிவம்தான். ரவுட்டர் ஃபர்ம்வேரைத் திறக்க வேண்டியிருந்தால் இதற்காகவே கீட்ரா.

ஏமாற்றும் இடங்களைச் சொல்லாமல் விட முடியாது. வலப்பக்கம் தெரிவது கீட்ராவின் ஊகம். பைனரியில் அப்படியே எழுதியிருப்பது இல்லை. இரண்டு இடத்தில் நானே மாட்டியிருக்கிறேன்.

ஒன்று, புரோகிராமின் முக்கிய ஃபங்ஷனான மெயினுக்கு முன்பே ஓடும் ஃபங்ஷன்கள். எல்ஃப் ஃபைலில் (லினக்ஸ் பைனரியின் வடிவம் அது) இனிட் அர்ரே என்று ஒரு பகுதி உண்டு. அதில் குறித்துள்ள ஃபங்ஷன்கள் மெயின் தொடங்குவதற்கு முன்பே ஓடி முடிந்துவிடும். சவால் எழுதியவர் அங்கே அட்டவணையின் எண்களை மாற்றிவைத்திருந்தார். நான் மெயினை மட்டும் படித்து, ஃபைலில் கிடந்த பழைய எண்களை வைத்துத் தலைகீழாகப் போட்டேன். வந்ததெல்லாம் குப்பை. கணக்கில் பிழையோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது, எண்கள்தான் வேறு. அன்றிலிருந்து மெயினைத் திறக்கும் முன் இனிட் அர்ரேயைத் திறந்து பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

இன்னொன்று, எட்டவே முடியாத கோடு என்று கீட்ரா தீர்மானித்தால் அதை டீகம்பைலரில் காட்டாமல் மறைத்துவிடும். அப்படி நினைக்கவைக்கத் தெரிந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். டீகம்பைலரின் அனாலிசிஸ் அமைப்பில் இதை அணைக்க ஒரு டிக் உண்டு. வலப்பக்கம் சந்தேகமாக இருக்கும்போதெல்லாம் இடப்பக்கத்தைப் பாருங்கள். முதல் வழியைப் பழகியவருக்குத்தான் இடப்பக்கம் உதவும்.

செலவு: டவுன்லோடு சில நூறு எம்பி, அதோடு ஜாவாவும் வேண்டும். 4 ஜிபி மெஷினில் சின்ன கிராக்மிக்குத் தாங்கும், பிரவுசரை மூடி வைத்தால். பெரிய பைனரியை இறக்குமதி செய்து முழு அனாலிசிஸ் கொடுத்தால் மெஷின் திணறும். அப்படிப்பட்டவர்களுக்கு ரைசினும் கட்டரும் நல்ல மாற்று. ரடாரே2-இலிருந்து 2020-இல் பிரிந்தது ரைசின். அதன் முகப்புதான் கட்டர். கீட்ராவின் டீகம்பைலர் பகுதியை மட்டும் ஜாவா இல்லாமல் ஒரு பிளக்இன்னாக அதற்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஐடாவின் இலவசப் பதிப்பும் இருக்கிறது, ஆனால் அதன் டீகம்பைலர் நெட் வழியாக வேலை செய்வது. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் நெட்டை நம்பி உட்கார முடியாது.

## மூன்றாவது வழி: இசட்3

இதை டீகம்பைலரோடு போட்டி போடும் கருவி என்று நினைக்காதீர்கள். கீட்ராவிலோ தாளிலோ சூத்திரத்தை எடுத்தபிறகு, அதைத் தலைகீழாகப் போட முடியாமல் நிற்கும்போது இதைக் கூப்பிட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சில் உருவான சால்வர் இது. 2015-இல் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டார்கள். பைத்தானில் பிப் வழியாக வரும். ஒரு எச்சரிக்கை: வெறும் இசட்3 என்று கேட்டால் சம்பந்தமில்லாத வேறொரு பேக்கேஜ் வந்து சேரும். இசட்3-சால்வர் என்று முழுப் பெயரையும் கேட்க வேண்டும்.

மாடியில் நான்காவது வாரச் சவால் இது. மறுபடியும் ஆறு எழுத்து. இந்த முறை ஒவ்வொரு எழுத்தும் பக்கத்து எழுத்தோடு பின்னியிருக்கும். ஒரு எழுத்தின் எண்ணை 3-ஆல் பெருக்கி, அடுத்த எழுத்தின் எண்ணை 5-ஆல் பெருக்கிக் கூட்டி, 256-ஆல் வகுத்த மீதியை எடுக்கும். கடைசி எழுத்துக்கு அடுத்தது முதல் எழுத்து, வட்டமாக. வர வேண்டிய ஆறு விடைகள்: 146, 153, 143, 128, 133, 161.

இதில் எந்த எழுத்தையும் தனியாக அவிழ்க்க முடியாது. ஆனால் இசட்3-இடம் ஆறு மாறிகள், ஒவ்வொன்றும் 8 பிட், இந்த ஆறு சமன்பாடுகள் என்று சொல்லிவிட்டால் நொடியில் விடை வரும். பத்துப் பன்னிரண்டு வரி பைத்தான் போதும்.

வரும் விடையைப் பார்த்து மாணவர்கள் திகைப்பார்கள். திரையில் அச்சடிக்கவே முடியாத பைட்டுகள் வந்திருக்கலாம். இசட்3 பொய் சொல்லவில்லை. இந்தச் சமன்பாடுகளுக்கு மொத்தம் 16 விடைகள் உண்டு, அதில் ஏதோ ஒன்றை அது கொடுத்திருக்கிறது. அச்சடிக்கக்கூடிய எழுத்துகள் மட்டும் என்று நிபந்தனை சேர்த்தால் 3 விடைகள் மிஞ்சும்: 605001, பெரிய எழுத்தில் ஒரு ஆறெழுத்துக் கோவை, அதே கோவை சிறிய எழுத்தில். இலக்கங்கள் மட்டும் என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான் நிற்கும். 605001, புதுச்சேரியின் எண். அந்த வாரம் பஸ் பிடித்து வந்தவர்களின் முறை.

இந்தச் சவாலின் பாடமே அதுதான். புரோகிராம் அந்த 16-ஐயும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் போட்டியில் ஃபிளாக்காக, அதாவது சமர்ப்பிக்க வேண்டிய விடையாக, கேட்பது ஒன்றைத்தான். ஆகவே ஃபிளாக் எந்த எழுத்தில் தொடங்கும், எந்த எழுத்துகள் வரலாம் என்று தெரிந்ததையெல்லாம் முதலிலேயே நிபந்தனையாகப் போட்டுவிடுங்கள். விடை வந்ததும் அந்த விடை கூடாது என்று இன்னொரு நிபந்தனை சேர்த்து மறுபடி கேளுங்கள். வேறு விடை இருந்தால் அதுவும் வெளியே வரும்.

இசட்3-இல் மறைந்திருக்கும் செலவு ரேமில் இல்லை, கவனத்தில் இருக்கிறது. பைத்தானில் சாதாரணமாகப் போடும் சிறியது, பெரியது குறிகள் பிட்வெக்டர்மேல் (இத்தனை பிட் என்று அளவு சொன்ன மாறி) போட்டால் எதிர்மறை எண்களையும் கணக்கில் எடுத்து ஒப்பிடும். வலப்புறம் நகர்த்தும் குறியும் அப்படித்தான். புரோகிராமில் எதிர்மறை இல்லாத பைட்டுகள் என்றால் யுஎல்டி, எல்ஷிஃப்ட்ஆர் என்ற தனி ஃபங்ஷன்களைக் கூப்பிட வேண்டும். மாறியை 8 பிட்டாக வைப்பதா 32 பிட்டாக வைப்பதா என்பதும் அதே மாதிரி. புரோகிராம் 32 பிட்டில் கணக்குப் போட்டுக் கடைசியில்தான் 8 பிட்டாக வெட்டுகிறது என்றால், நீங்களும் அந்த இடத்தில்தான் வெட்ட வேண்டும். இதில் தப்பினால் "விடை இல்லை" என்று வரும். அப்போது சால்வரைச் சந்தேகிக்காமல் உங்கள் சூத்திரத்தைச் சந்தேகியுங்கள்.

எம்டி5, எஸ்ஹெச்ஏ-256 மாதிரி ஹாஷ் நடுவில் இருந்தால் இசட்3 பக்கம் போகவே வேண்டாம். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருக்கும். உள்ளீடு சின்னதாக இருந்தால், உதாரணமாக நான்கு இலக்கம் என்றால், பத்தாயிரத்தையும் வரிசையாக ஹாஷ் செய்து பார்ப்பது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. அதற்கும் அந்த பைனரியை ஓட்டத் தேவையில்லை, ஹாஷை மட்டும் பைத்தானில் எழுதினால் போதும்.

## நான்காவது வழி: ஆங்கர்

காலாப்பட்டுப் பையனின் சீனியர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பிறந்த கருவி ஆங்கர். 2016-இல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி முகமையான டார்பா நடத்திய சைபர் கிராண்ட் சேலஞ்சில் மூன்றாவது வந்த ஷெல்ஃபிஷ் அணி இதை வைத்துத்தான் ஆடியது. "சரி" என்று அச்சடிக்கும் முகவரிக்குப் போ, "தவறு" முகவரிக்குப் போகாதே என்று இரண்டு எண் கொடுத்தால் போதும். எழுத்துகளை மதிப்பில்லாத குறியீடுகளாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையையும் தானே நடந்துபார்த்து, வந்த சமன்பாடுகளைச் சால்வரிடம் கொடுத்து விடையை வாங்கித் தந்துவிடும். என் முதல் வாரச் சவாலை நொடிகளில் முடிக்கும்.

இது ஓட்டுவதாகாதா என்று கேட்பார்கள். உங்கள் பிராசஸரோ ஆப்பரேட்டிங் சிஸ்டமோ அந்த பைனரியின் கட்டளைகளை நேரடியாகத் தொடுவதில்லை. ஆங்கர் அவற்றை வேறொரு வடிவத்துக்கு மாற்றித் தானே நடித்துப் பார்க்கிறது. ஆகவே பாதுகாப்பு என்ற அளவில் ஓட்டாததாகவே கொள்ளலாம். ஆனால் வகுப்பில் ஓட்டாதே என்றால் படித்துப் பார் என்று பொருள். அதனால் மாடியில் முதல் இரண்டு மாதம் இதற்கு அனுமதி கிடையாது.

இதன் பலவீனம் கிளைகள். ஒரு எழுத்து பொருந்தாவிட்டால் உடனே வெளியேறும் புரோகிராம் என்றால் எழுத்துக்கு ஒரு கிளை, கவலையில்லை. பொருந்தாவிட்டாலும் குறித்துக்கொண்டு லூப்பைத் தொடரும் புரோகிராம் என்றால் ஒவ்வொரு எழுத்துக்கும் பாதை இரண்டாகப் பிரியும். 32 எழுத்துக்கு 429 கோடிக்கு மேல் பாதைகள். எந்த ரேமும் தாங்காது.

இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசி மழையில் இப்படி ஒன்றில் மாட்டினேன். இரவு பத்து மணிக்கு ஆங்கரை ஓடவிட்டுப் படுத்தேன். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் 8 ஜிபி ரேமும் நிரம்பி, மௌஸ்கூட நகரவில்லை. அப்போதும் முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். நான்கு மணிக்குக் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே செத்தது, எல்லாம் போயிற்று. காலையில் கரண்ட் வந்தபிறகு கீட்ராவில் அந்த லூப்பைத் திறந்து ஒழுங்காகப் படித்தேன். நான்கு வரிச் சூத்திரம். இசட்3-இல் எழுதி முடிக்க இருபது நிமிடம் ஆனது. இரவு அந்த இருபது நிமிடத்தைப் படிக்கச் செலவழித்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

ஆங்கர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோடு முழுக்கக் கிளைகளாக, முந்நூறு இஃப்-எல்ஸ் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன நிபந்தனை வைத்திருந்தால் அதைக் கையால் எழுதுவது கொடுமை. அங்கே ஆங்கர்தான். ஒரே மாதிரியான நூறு பைனரிகளைக் கொடுத்து நூறு பாஸ்வேர்டையும் கேட்கும் சவாலுக்கும் அதுதான்.

நிறுவும்போது பைத்தானின் தனி விர்ச்சுவல் சூழலில் நிறுவுங்கள், நிறைய லைப்ரரிகளை இழுத்துக்கொண்டு வரும். இன்னொன்று, கீட்ராவில் பார்த்த முகவரியை அப்படியே ஆங்கருக்குக் கொடுக்காதீர்கள். எங்கே வேண்டுமானாலும் ஏற்றக்கூடிய வகை பைனரியைக் கீட்ரா ஹெக்ஸில் 100000 என்ற முகவரியிலும், ஆங்கர் 400000 என்ற முகவரியிலும் வைக்கும். அந்த வித்தியாசத்தைக் கூட்டாமல் கொடுத்தால் ஆங்கர் இல்லாத இடத்தைத் தேடிக்கொண்டே இருக்கும். "ஆங்கர் வேலை செய்யலண்ணா" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| நடுவில் இருப்பது | முதலில் எடுப்பது | காரணம் |
|---|---|---|
| ஒன்றுமில்லை, நேரடி ஒப்பீடு | ஸ்ட்ரிங்ஸ், ஆப்ஜ்டம்ப் | ஐந்து நிமிடம் போதும் |
| எழுத்துக்கு எழுத்து எக்ஸார், கூட்டல் | தாள் | தலைகீழாகப் போட்டாலே விடை |
| பின்னிய சமன்பாடுகள் | கீட்ராவில் படித்து இசட்3 | தனித்தனியாக அவிழாது |
| நூற்றுக்கணக்கான கிளைகள் | ஆங்கர் | சூத்திரம் கையால் எழுத முடியாத நீளம் |
| ஹாஷ், சின்ன உள்ளீடு | பைத்தானில் வரிசையாக | சால்வருக்கு ஹாஷ் உடையாது |
| யுபிஎக்ஸ் பொதி (சுருக்கிக் கட்டிய பைனரி) | யுபிஎக்ஸ் கருவியின் டி விருப்பம், பிறகு கீட்ரா | ஓட்டாமலே பிரிக்கலாம் |
| தனக்கென ஒரு விர்ச்சுவல் மெஷின் (புரோகிராமுக்குள்ளேயே எழுதிய சொந்தக் கட்டளை மொழி) | கீட்ரா, நிறையப் பொறுமை | முதலில் அதன் கட்டளை மொழியைப் படிக்க வேண்டும் |

யுபிஎக்ஸ் வரிசைக்கு ஒரு குறிப்பு. சில ஆசிரியர்கள் அதன் அடையாள பைட்டுகளை வேண்டுமென்றே மாற்றிவைப்பார்கள். கருவி பிரிக்க மறுக்கும். ஹெக்ஸ் எடிட்டரில் அந்த பைட்டுகளைத் திருத்திவிட்டு மறுபடி முயலுங்கள். ஆசிரியரே எழுதிய பொதி என்றால், ஓட்டாமல் பிரிக்க அதன் பிரிக்கும் ஃபங்ஷனைப் படித்துப் பைத்தானில் திரும்ப எழுத வேண்டியிருக்கும். விதி தடுக்காத போட்டியில் அந்த ஒரு இடத்தில் நான் தயங்காமல் விர்ச்சுவல் மெஷினில் ஓட்டித்தான் பிரிப்பேன். ஓட்டாமல் இருப்பது நல்ல பயிற்சி, எல்லா இடத்திலும் நல்ல உத்தி என்று சொல்ல மாட்டேன்.

## அந்த இரண்டு பேருக்கும் சொன்னது

திருப்பாதிரிப்புலியூர்த் தங்கைக்கு: ரேமைப் பற்றிக் கவலைப்படாதே. ஆப்ஜ்டம்ப்பும் இசட்3-உம் உன் மெஷினில் தாராளமாக ஓடும். ஒரு மாதம் தாளில் போடு. லூப்பைப் பார்த்ததும் எக்ஸார் எது, சுற்று எண் எது என்று விரல் தானாகத் தொட வேண்டும். அப்புறம் கட்டரை டீகம்பைலர் பிளக்இன்னோடு நிறுவு. கீட்ராவின் முழு வடிவம் எப்போதாவது தேவைப்பட்டால் மாடியில் இருக்கும் மெஷினில் போட்டுப் பார்க்கலாம்.

காலாப்பட்டுத் தம்பிக்கு: 16 ஜிபி இருப்பதால் ஆங்கர் நிறுவும், ஓடும். ஆனால் இப்போது கீட்ராதான் உன் வீடு. பாதுகாப்பு வேலைக்கு இன்டர்வியூ போனால் ஒரு ஃபங்ஷனைக் காட்டி இது என்ன செய்கிறது என்றுதான் கேட்பார்கள். ஆங்கர் விடையைத் தரும், அந்தக் கேள்விக்குப் பதிலைத் தராது. ஒரு சவாலைக் கீட்ராவில் படித்து, சூத்திரத்தை எழுதி, இசட்3-இல் தீர்த்து முடித்தபிறகு அதே சவாலை ஆங்கருக்கும் கொடுத்துப் பார். எது சீக்கிரம் முடிந்தது, ஏன் என்று நோட்டில் எழுது. பத்துச் சவால் இப்படிச் செய்தால் எப்போது எதை எடுப்பது என்று நீயே சொல்லிவிடுவாய்.

தம்பி போன வாரம் மூன்றாவது சவாலை முடித்துவிட்டு நோட்டைக் காட்டினான். கீட்ராவும் இசட்3-உம் சேர்ந்து நாற்பது நிமிடம், ஆங்கர் ஒன்றரை நிமிடம். பக்கத்தில் அவனே எழுதியிருந்தான்: "கீட்ராவில் பார்த்ததால்தான் எந்த முகவரியைக் கொடுப்பது என்று தெரிந்தது."